எல்போக்காரரும் என் ஏறி இறங்கும் மேசையும்

பெங்களூரில் மனிதர்களை முகம் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளாத ஒரே ஆள் எல்போக்காரர்தான். அவருக்கு முழங்கை போதும். பிரேசர் டவுன் காய்கறிக் கடையில் ஒருநாள் என் தோழியை அவருக்கு அறிமுகப்படுத்தினேன். முகத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, பார்வையை நேராக முழங்கைக்கு இறக்கி, "நின்னா தொண்ணூத்தெட்டு இருக்கும்" என்றார். அவள் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டாள். அது தரையிலிருந்து முழங்கை வரைக்குமான சென்டிமீட்டர் கணக்கு என்று நான் விளக்குவதற்குள், அவர் கீரை விற்கும் அம்மாவின் முழங்கையை ஆராயப் போய்விட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. போனில் 'எல்போ' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். அவரும் போன் பண்ணினால், "எல்போ பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தது என் கழுத்தின் வழியாக. நான் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு, எதை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதிக் கொடுக்கிறவள். வீட்டிலிருந்தே வேலை. மூன்று வருஷம் சாப்பாட்டு மேசையில் குனிந்து எழுதியதில் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. எதிரில் இருப்பவர்கள் நான் அவர்களைச் சந்தேகப்படுவதாக நினைத்தார்கள். "நடுநடுவே எழுந்து நின்று வேலை பாருங்கள்" என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அன்று சாயங்காலமே நானும் என் கணவர் முரளியும் ஆன்லைனில் ஒரு மோட்டார் மேசையை ஆர்டர் செய்தோம். பொத்தானை அழுத்தினால் ஏறும், அழுத்தினால் இறங்கும். பலகை என்ன நிறம் என்பதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் விவாதித்தோம். எத்தனை உயரம் என்று பார்க்கவில்லை. கையேடு எழுதுகிறவர்கள் கையேடு படிப்பதில்லை.

இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள் வந்தன. மறுநாள் மேசையை மாட்டித்தர கம்பெனி அனுப்பிய ஆள்தான் எல்போக்காரர். ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் டேப், காதில் பென்சில். ஈஜிபுராவில் வீடு. பெட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மேடம், அந்த சேர்ல கொஞ்சம் குந்துங்க. செருப்பு வோணாம்."

"பெட்டியைப் பிரிக்கலையா?"

"அது எங்கயும் ஓடாது. நீங்க குந்துங்க. கையை டைப் அடிக்கிற மாதிரி வெச்சுக்குங்க. தோளை இறக்குங்க. இன்னும். மேனேஜர் லீவுல கீறாருன்னு நெனச்சுக்குங்க."

என் தோள் தானாக இறங்கியது. தரையிலிருந்து முழங்கை வரை டேப்பைப் பிடித்தார். முகம் இருண்டது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் டாக்டரின் முகம்.

"அம்பத்தொம்பது. இந்த மேசை எழுபத்திரெண்டுக்குக் கீழ இறங்காது. நிக்கிறதுக்குச் சரி. குந்தினா பதிமூணு சென்டி மேல கையைத் தூக்கிப் பிடிச்சுக்கினு டைப் அடிக்கணும். ஆறு மாசத்துல ரெண்டு தோளும் காதைத் தொட்டுரும்."

நான் நாலடி பதினோரு அங்குலம். பஸ்ஸில் கம்பி எட்டாததுதான் என் வாழ்க்கையின் பெரிய குறை என்று நினைத்திருந்தேன். மேசையும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டது.

"நிற்கத்தானே இந்த மேசையே வாங்கினேன்?"

"நாள் பூரா நிப்பீங்களா? நீங்க இன்னா டிராபிக் போலீஸா? ஸ்டாண்டிங் டெஸ்க்குன்னு பேரு வெச்சவன், மனுஷன் நடுவுல குந்துவான்னே நெனக்கல. இத நான் மாட்ட மாட்டேன்."

சொல்லிவிட்டு என் வீட்டில் நின்றபடியே தன் கம்பெனிக்குப் போன் போட்டுக் கன்னடத்தில் சண்டை பிடித்தார். 'பேடா, பேடா' என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. வேண்டாமாம். மேசை வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. மறுநாளே வண்டி வந்து பெட்டிகளை எடுத்துப் போனது.

முரளி வெளியூர் போய்விட்டு வந்து காலியான மூலையைப் பார்த்தார். "மாட்ட வந்தவர் தூக்கிட்டுப் போயிட்டாரா? அவர் மெக்கானிக்கா, திருடனா?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை எல்போக்காரரே போன் செய்து, நல்ல மேசையாகத் தேர்ந்தெடுத்துத் தருவதாகச் சொல்லி, சிவாஜிநகர் பக்கம் தன் கம்பெனியின் குடோனுக்கு வரச்சொன்னார். அவருக்கு என்ன தகுதி என்று கேட்டேன். "முன்னாடி சலூன் சேர் ரிப்பேர் பண்ணினேன். அப்பால பல்டாக்டர் சேர். இப்ப இது. ஏறி இறங்குற சாமான்னா என்கிட்ட வுட்ருங்க" என்றார்.

நானும் முரளியும் போனோம். குடோன் வாசலில் எல்போக்காரரின் ஸ்கூட்டர் நின்றதுமே உள்ளே ஒருவன் "எல்போ பந்த்ரு" என்று குரல் கொடுத்தான். எல்போ வந்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டு விற்பனையாளர்கள் சட்டென்று பின்பக்கம் மறைந்தார்கள். தப்பிக்க முடியாத மூன்றாமவர் எங்களிடம் மாட்டினார்.

"மேடம், இதுல மொபைல் ஆப் இருக்கு. ஆபீஸ்ல இருந்தே வீட்டு மேசைய ஏத்தலாம்."

"ஆபீஸ்ல கீறவங்க வீட்டு மேசைய ஏத்தி இன்னா பண்றது? வெயில்ல காயப் போடவா?" என்றார் எல்போக்காரர். "ஓரத்துல கலர் லைட்டு வேற. இது மேசையா, கல்யாண மண்டபமா?"

பிறகு பரீட்சை ஆரம்பமானது. ஒரு டம்ளர் நிறைய டீ வாங்கி வந்து மேசைமேல் வைத்து மேலே ஏற்றினார். முதல் மேசையில் டீ பாதி வழியிலேயே கீழே இறங்கிவிட்டது. இரண்டாவது மேசை டீயைச் சிந்தவில்லை. உடனே என்னை அதன்முன் நிறுத்தி, "இப்ப மேனேஜருக்குக் கோபமா ஒரு மெயில் அடிங்க" என்றார். வெறும் பலகையில் விரல்களால் அடிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரிக்குள் எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. மேசை கிடுகிடுவென்று ஆடியது. "ஆவாது. கோபத்தைத் தாங்காத மேசை குடும்பத்துக்கு ஆவாது."

மூன்றாவது மேசையின் காலைத் தட்டிக் காட்டினார். "காலுக்குள்ள காலு, அதுக்குள்ள இன்னொரு காலு. மூணு அடுக்கு. அதான் அறுபதுக்கு இறங்குது, சாரு ஒசரத்துக்கும் ஏறுது. ரெண்டு காலுக்கும் தனித்தனி மோட்டாரு." கடைசியாகப் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்தார். மேசைக்குக் கீழே ஸ்டூல் போட்டு அதன்மேல் பழத்தை வைத்துப் பலகையை இறக்கினார். நசுங்கும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பலகை பழத்தைத் தொட்டதும் நின்று, தானாக இரண்டு அங்குலம் மேலே போய்விட்டது.

"கொய்யா பொழச்சுது. உங்க தொடையும் பொழைக்கும். இத எடுங்க" என்றார். பழத்தை விற்பனையாளரிடமே கொடுத்துவிட்டார். அந்த மனிதர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

மேசை வீட்டுக்கு வந்தது. மாட்டி முடித்து மூன்று பொத்தான்களில் உயரங்களைப் பதித்தார். "ஒண்ணு, மேடம் குந்துறது. ரெண்டு, மேடம் நிக்கிறது. மூணு, சாரு நிக்கிறது."

"நான் உட்கார்றது?" என்றார் ஆறடி முரளி.

"சாரு எல்போவுக்கு சாப்பாட்டு மேசையே கரெக்டா கீது."

முரளி அவரை மன்னிக்க ஒரு மாதம் ஆனது.

எனக்கோ புது வெறி பிடித்துவிட்டது. காலையில் எழுந்து நின்றால் சாயங்காலம்வரை நின்றேன். நின்றே எழுதினேன், நின்றே சாப்பிட்டேன், உட்கார்ந்து வேலை செய்யும் உலகத்தைப் பரிதாபமாகப் பார்த்தேன். இரண்டாவது வாரம் குதிகால் செங்கல் மாதிரி இறுகி வலித்தது. அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி. எல்போக்காரர். அந்தப் பக்கம் வேறு வீட்டுக்கு வந்தாராம். என் நடையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"லிஃப்ட் இருக்குதுன்னு யாராச்சும் மாடியிலேயே குடித்தனம் பண்றாங்களா? ஏறணும், இறங்கணும். முக்கா மணி குந்துங்க, கால் மணி நில்லுங்க. அதுவும் வெறுந்தரையில வோணாம்." ஸ்கூட்டரிலிருந்து தடிமனான ஒரு ரப்பர் பாய் வந்தது. அதன்பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதனை போடுவார். மணி அடித்தால் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

எங்கள் அலுவலகத்தில் இரண்டு குழுக்களை ஒன்றாக்கினார்கள். கையேடு எழுதும் மூன்று பேரில் ஒருவர்தான் மிஞ்சப்போகிறார் என்று பேச்சு. மூவரும் தனித்தனியாகப் பெரிய மேனேஜர்முன் வீடியோவில் நாற்பது நிமிஷம் பேசவேண்டும். என் முறை பதினொரு மணிக்கு. பத்தேகாலுக்கு மாடியிலிருந்து வீட்டு ஓனர் அந்தோணி அங்கிள் குடும்பத்தோடு இறங்கி வந்தார். முரளி அவர்களுக்கு மேசையைக் காட்டினார். ஏற்றினார், இறக்கினார். அங்கிள் ஏற்றினார், ஆன்ட்டி இறக்கினார். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். மேசை முரளியின் உயரத்தில் ஏறி நின்றது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை.

என் லேப்டாப், திரை, காகிதங்கள் எல்லாம் அந்த உச்சியில்; வயர்களை எல்போக்காரர் மேசையோடு இறுகக் கட்டியிருந்ததால் எதையும் கீழே இறக்க முடியவில்லை. கேமராவில் என் நெற்றியும் வகிடும் மட்டும் தெரிந்தன. முரளி, "உங்க ஆபீஸ்ல உன் மூளையைத்தானே பார்க்கணும்" என்று சொல்லிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. எல்போவுக்குப் போன் செய்தேன்.

பத்து ஐம்பத்தைந்துக்கு வந்தார். மேசைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார்.

"மோட்டாரு சூடாகிப் படுத்துக்கிச்சு. ரெண்டு நிமிஷம் ஓடினா இருபது நிமிஷம் ரெஸ்ட் குடுக்கணும். இத ராட்டினம் ஆட்டியிருக்காங்க. ஆறுனாத்தான் அசையும்."

"எனக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

அவர் நேராகக் குளியலறைக்குப் போய், நாங்கள் உட்கார்ந்து குளிக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்து துண்டால் துடைத்து மேசைமுன் போட்டார். "ஏறுங்க."

ஏறினேன். உயரம் அச்சாகச் சரியாக இருந்தது. ஆனால் ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. நான் தொடர்ந்து ஆடினேன். எல்போக்காரர் மேசைக்கு அடியில் போய்ச் சம்மணம் போட்டு, ஸ்டூலின் இரண்டு கால்களை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். "பேசுங்க மேடம். நான் வுட மாட்டேன்."

பேசினேன். கேமராவில் நான் புடவையில் கம்பீரமாக நிற்கிறேன். கீழே ஒரு மனிதர் குளியலறை ஸ்டூலைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். இருபதாவது நிமிஷம் அவர் தும்மினார்.

"உங்களோடு யாராவது இருக்கிறார்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

"கீழே கொஞ்சம் வேலை நடக்கிறது சார்" என்றேன். பொய் இல்லையே.

முடிந்தபோது நாற்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. மோட்டார் எப்போதோ ஆறியிருக்கும். பேச்சின் நடுவே மேசையை இறக்கினால் நான் தடுமாறுவேன் என்று அவர் பிடியை விடவே இல்லை. கால் மரத்துப்போய் அவரால் எழமுடியவில்லை. முரளிதான் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். இழுக்கும்போது, "மன்னிச்சுக்குங்க அண்ணே" என்றார். முரளி யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் மெயில் வந்தது. வேலை எனக்கு நிலைத்தது. சொல்ல அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, சோதனைக்கும் வரவில்லை. கம்பெனிக்கு ஏதோ பழுது என்று புகார் கொடுத்து அவரை அனுப்பச் சொன்னேன். வந்தது வேறு ஒருவர். இருபது நிமிஷத்தில் எல்லாம் பார்த்துவிட்டு, என் முழங்கையை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விட்டார். போகும்போது மட்டும் சொன்னார்: "அவரா? அவரை நிறுத்திட்டாங்க மேடம்."

ஈஜிபுராவில் விசாரித்துக்கொண்டே போனேன். ஒரு சலூனில், பாதி முகம் சவரம் ஆன ஆள் எழுந்து நிற்க, அவருடைய நாற்காலிக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. என் குரல் கேட்டு எல்போக்காரர் வெளியே வந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"ரிட்டர்ன் ஜாஸ்தி ஆயிடுச்சாம் மேடம். நான் போற வீட்டுல பாதி மேசை திரும்பி வருதாம். மாட்டத்தான சொன்னோம், நீ எதுக்கு அளக்கறேன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அளக்காம எப்டி மேடம் மாட்டறது?"

அவ்வளவுதான் அவருடைய வாதம். போன் உடைந்துவிட்டதாம், அதுதான் எடுக்கவில்லையாம்.

அன்று வீட்டுக்கு வந்து, என் தொழிலில் முதல்முறையாக ஒரு மனிதருக்குக் கையேடு எழுதினேன். அரைப் பக்கம். மேசை வாங்குவதற்குமுன் இவரைக் கூப்பிடுங்கள், அளக்கச் சொன்னால் அசையாமல் உட்காருங்கள், சொல்வதை எதிர்க்காதீர்கள். எங்கள் தெருவின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். முரளி தன் அலுவலகத்தில் போட்டார். ஒரு வாரத்தில் எல்போக்காரருக்குப் புதுப் போனும் ஏழு வீடுகளும் கிடைத்தன. அதில் நாலு வீட்டில் மேசையே தேவையில்லை, காலுக்கு ஒரு பலகை போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வியாபாரம் அவருக்கு வராது. ஆனாலும் ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்போது சனிக்கிழமை தோறும் வருகிறார். "ஸ்க்ரூ லூஸாகி இருக்கும், டைட் பண்ணிட்டுப் போறேன்" என்பதுதான் காரணம். காபி குடித்து, முரளியைத் திட்டி, அங்கிளைத் திட்டி, ஒரு மணி நேரம் இருப்பார். அவ்வளவு நல்ல மேசையில் எந்த ஸ்க்ரூவும் தானாகத் தளராது. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறக்காமல் ஒன்றை நானே தளர்த்தி வைத்துவிடுகிறேன்.