சும்மா செய்த யானை

மக்கள் தங்கள் வீடுகளில் முன் அனுமதி பெறாமல் மகிழ்ந்துகொண்டிருக்கிறார்கள் என்ற செய்தி அரசின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அரசு பதறவில்லை. ஓர் இயக்குநரகத்தை அமைத்தது.

இல்லக் கைவேலை நெறிப்படுத்தல் இயக்குநரகம் என்று அதற்குப் பெயர். சாயங்காலங்களில் பூத்தையல் போடுவோர், காகிதம் மடிப்போர், காலி பாட்டிலுக்கு வர்ணம் பூசுவோர் அனைவரும் எதற்காக அவ்வாறு செய்கிறார்கள் என்பதைத் தெரிவித்தாக வேண்டும். ஏற்கத்தக்க காரணங்கள் மூன்று: விற்பனை, பரிசளிப்பு, மருத்துவரின் ஆலோசனை. நான்காவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் வாழ்நாளில் கையால் செய்த ஒரே காரியம் கையெழுத்து.

எங்கள் குடியிருப்பில் இஸ்திரி அக்கா என்று ஒருவர். சலவை நிலையத்தில் துணி தேய்ப்பவர். அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சலவை இயந்திரத்துக்குள் ஜோடியாகப் போகும் சாக்ஸ்களில் சில ஒற்றையாகத்தான் வெளியே வரும். ஏன் என்று இன்றுவரை எந்த விஞ்ஞானியும் சொன்னதில்லை. யாரும் கேட்டு வராத அந்த ஒற்றைகளை அக்கா வீட்டுக்கு எடுத்துவந்து, பஞ்சு அடைத்து, யானை செய்வார். நாள் முழுக்க நின்று அடுத்தவர் சட்டைக் கழுத்தை நேராக்கிய கைக்கு, கோணலாக ஏதாவது ஒன்றைச் செய்தால்தான் தூக்கம் வந்தது.

இயக்குநரகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். ஜன்னல் ஓரம் நின்ற யானையைக் கையில் எடுத்தார்.

"இது என்ன?"

"யானை சார்."

"தும்பிக்கை?"

"விரல் நுனிப் பக்கம். குதிகால் வர்ற இடம் நெத்தி. அது தானாவே புடைச்சுக்கும்."

"விக்கிறீங்களா?"

"இல்ல."

"யாருக்காவது பரிசா குடுக்கிறீங்களா?"

"யாரு கேக்கிறா?"

"டாக்டர் செய்யச் சொன்னாரா?"

"டாக்டர் ரொம்ப நேரம் நிக்காதீங்கன்னு சொன்னாரு. அதைத்தான் செய்ய முடியல."

"அப்ப எதுக்குத்தான் செய்றீங்க?"

"சும்மாதான்."

ஆய்வாளர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான் சார்."

"அம்மா, நான் இதை மேலிடத்துக்கு எழுதணும். சும்மான்னா என்னன்னு அங்க கேப்பாங்க."

"உங்க மேலிடத்துலயா? அங்க தெரியாதா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அக்காவின் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

விளைவு, அக்காவின் ஊசிநூல் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. காரணம் தெளிவாகும்வரை ஊசியைத் தொடக் கூடாது. அன்று கையில் இருந்த யானைக்கு ஒரு காதுதான் தைத்திருந்தது. அது பாதி கேட்டபடி நின்றது.

"பாத்துப் பேசியிருக்கக் கூடாதா நீ? பரிசுன்னு சொல்லித் தொலைச்சிருந்தா போயிருப்பான்ல?" என்றார் கணவர்.

"யாருக்குன்னு கேட்டா?"

"எனக்குன்னு சொல்றது."

"உங்களுக்கு எதுக்குங்க யானை?"

கணவர் விளக்கை அணைத்தார். அன்று முதல் அக்கா படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்வைக்கு மேல் விரல்கள் மட்டும் எதையோ தைத்தன.

இயக்குநரகமோ தூங்கவில்லை. 'சும்மா' என்பதன் பொருளை ஆராய வல்லுநர் குழு ஒன்று அமைந்தது. குழு ஆராய்ந்து கண்டது இது: சும்மா என்றால் காரணமின்றி. சும்மா என்றால் இலவசமாக. சும்மா என்றால் பேசாமல். சும்மா சும்மா என்றால் அடிக்கடி. ஆகவே மேற்படிப் பெண்மணி காரணமின்றி, இலவசமாக, பேசாமல், அடிக்கடி யானை செய்துவந்திருக்கிறார். இதில் சதி எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

இந்த அறிக்கை பத்திரிகையில் வந்ததும் நாகரிகச் சீமாட்டிகளுக்கும் சீமான்களுக்கும் கண் திறந்துவிட்டது. காரணமில்லாமல் ஒன்றைச் செய்வது! இவ்வளவு நாள் யாரும் சொல்லவே இல்லையே! ஊரெங்கும் சும்மா பயிலரங்கங்கள் முளைத்தன. மங்கலான விளக்கு, மெல்லிசை, சும்மா உட்கார்வதற்கென்றே தனி மெத்தை. பயிற்சியாளர் கண்ணை மூடச் சொல்லி, "இப்ப எதையும் எதிர்பார்க்காம ஊசியைக் குத்துங்க" என்பார். பலருக்கு விரலில் ரத்தம் வந்தது. எதிர்பாராமல் வந்ததால் அதுவும் வெற்றியாகவே கொள்ளப்பட்டது.

தேவை பெருகியதும் இயக்குநரகம் தேர்வு வைத்தது. தேறியவர்கள் மட்டும் சும்மா செய்யலாம். அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். மூன்று அதிகாரிகள் எதிரே உட்கார்ந்திருக்க, ஒரு சாக்ஸையும் ஊசியையும் கொடுத்தார்கள். பல வாரமாகக் காய்ந்திருந்த கை அல்லவா, சாக்ஸைத் தொட்டதும் தானாக ஓடியது. நெற்றி புடைத்து வந்தபோது அக்கா லேசாகச் சிரித்துவிட்டார்.

"நிறுத்துங்க. சிரிச்சீங்களே, ஏன்?"

"சந்தோசமா இருந்துச்சு சார்."

"அப்ப சந்தோசத்துக்காகச் செய்றீங்க. சந்தோசம் ஒரு ஆதாயம். ஆதாயத்துக்காகச் செய்றது சும்மா ஆகாது. அடுத்த ஆள்!"

அடுத்த ஆள் நம் ஆய்வாளர். ஊசியை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் தேர்வு முடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வகுப்பில் தேறினார்.

இந்த இடத்தில்தான் எங்கள் குடியிருப்போர் சங்கம் களத்தில் இறங்கியது. எங்கள் தலைவரைக் கொடிக்கம்பம் என்பார்கள். எங்கே நட்டாலும் நிற்பார். "ஒரு தொழிலாளிப் பெண்ணின் ஊசிக்கு முத்திரையா?" என்று அவர் கேட்ட கேள்வி துண்டறிக்கையாகி ஊரெல்லாம் பறந்தது. ஊர்வலம் போனோம். "சும்மா செய்வோம், சும்மா செய்வோம், யாரைக் கேட்டுச் செய்ய வேண்டும்?" என்று முழங்கினோம். பயிலரங்கத்துக்காரர்களும் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கலந்துகொண்டார்கள். தடியடி கிடைக்கும் என்று எதிர்பார்த்தோம். அதைக்கூடத் தரவில்லை. இயக்குநர் படியிறங்கி வந்து, எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து, கோரிக்கையை ஏற்பதாகச் சொல்லிவிட்டார். அதிகாரிகளை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

அன்று மாலையே கொடிக்கம்பம் தம் கையால் அரக்கை உடைத்தார். கைதட்டினோம். அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஊசியில் நூல் கோத்தார். எல்லோரும் எப்போது போவார்கள் என்று பார்த்தார்.

நாங்கள் போகவில்லை. கொடிக்கம்பம் வெளியே கிடந்த ஒரு மூட்டையை உள்ளே இழுத்துவரச் செய்தார். பிரித்தால், புத்தம் புதிய சாக்ஸ். எல்லாம் வெள்ளை. எல்லாம் ஜோடி.

"என்னண்ணா இது?"

"வெற்றி விழா மாநாடு வருதுல்லக்கா? வர்றவங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு யானை குடுக்கணும்னு செயற்குழு முடிவு பண்ணிருக்கு. நெத்தியில சங்கத்தோட சின்னம். தும்பிக்கை மேல தூக்கியிருக்கணும், தொங்குனா தோல்வி மாதிரி தெரியும். எல்லாம் ஒரே அளவு."

"எவ்வளவு நாள்ல?"

"விழாவுக்கு முன்னாடி முடிச்சா சரி."

"கூலி?"

எங்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. கொடிக்கம்பம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என்னக்கா கூலிங்கிறீங்க? உங்களுக்காகத்தானே இவ்வளவு பேரும் தெருவுல நின்னோம். சும்மா செஞ்சு குடுங்கக்கா."

அக்கா கோத்த நூலை ஊசியிலிருந்து மெதுவாக உருவி எடுத்தார்.

"அந்த ஆய்வாளர் எவ்வளவோ மேல் அண்ணா. அவர் செய்யாதேன்னு மட்டும்தான் சொன்னாரு."

அக்காவுக்கு எப்போதுமே நகைச்சுவை உணர்வு அதிகம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, மூட்டையை அங்கேயே வைத்துவிட்டுக் கலைந்தோம்.