ஒரே மாலையில் இரண்டு ஏழரை

ஆன்டெனா வயரைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தால் படம் வருகிறது, கையை இறக்கினால் போய்விடுகிறது. க்ளைவ் ஹாட்ரில் இதைக் கண்டுபிடித்தபோது சமையலறைக் கடிகாரத்தில் மணி ஏழு. நிகழ்ச்சி ஏழரைக்கு.

"இப்படியே சிலை மாதிரி நிக்கணுமா நான்?" என்று கம்ப்யூட்டரைக் கேட்டார்.

'சிக்னல் இல்லை' என்றது கம்ப்யூட்டர்.

பிரிஸ்பனில் இருக்கும் மருமகன் தன் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டிக் கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டர் அது. டிவி பார்க்கலாம், பதிவு செய்யலாம், எல்லாம் இதிலேயே என்று அவன் சொன்னதுதான் தாமதம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவியையும் வீடியோ டெக்கையும் க்ளைவ் தூக்கித் தெருவோரத்தில் வைத்துவிட்டார். நகராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. அன்றிலிருந்து அந்த வீட்டில் உருப்படியாக எதுவும் பதிவானதில்லை.

மனைவி நொரீன் ஒரு வாரமும் விடாமல் பார்த்துவந்த துப்பறியும் தொடரின் கடைசிப் பகுதி, இன்ஸ்பெக்டர் "கொலைகாரன் இந்த அறையிலதான் இருக்கான்" என்று விரலை நீட்டும் இடத்தில் நின்றுபோனது. விரல் யார் பக்கம் போனது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பேத்தியின் பள்ளிக்கூடம் செய்தியில் வந்த நாளில், மழைக்காகக் கிரிக்கெட் மைதானத்தில் விரித்திருந்த தார்ப்பாய் முழுசாகப் பதிவாகியிருந்தது.

நொரீன் அதைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள். "நல்ல தார்ப்பாய்" என்றாள்.

ஆனால் இன்றைய விஷயம் வேறு. இன்று டிவியில் வரப்போவது நொரீனேதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் பிரிஸ்பன் போய் ஒரு வினாடி வினா நிகழ்ச்சியில் கலந்துகொண்டு வந்திருந்தாள். ஜெயித்தாளா, தோற்றாளா? "சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க" என்று வாயைப் பூட்டிக்கொண்டாள். அவர்கள் ஊரான ட்வீட் ஹெட்ஸ் முழுக்க அவள் ஜெயித்துவிட்டதாகவே பேச்சு.

நிகழ்ச்சி வரும் அதே நாளில்தான் புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பின் வருடாந்திர விருந்து. ஒருவரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். அதனால் கிளப் தலைவர் டெஸ், வெள்ளிக்கிழமை கிளப்பில் பெரிய திரை கட்டி எல்லோருமாகப் பார்ப்பது என்று அறிவித்துவிட்டார். யார் பதிவு செய்வது என்ற கேள்வி வந்தபோது, "க்ளைவ் பண்ணுவார்" என்று நொரீன்தான் எழுந்து சொன்னாள்.

இன்று காலை, முழங்கால் ஆபரேஷன் ஆன தங்கையைப் பார்க்க லிஸ்மோருக்குக் கிளம்பும்போதும், கார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னாள்: "இந்த விஷயத்துல உன்னைத் தவிர வேற யாரையும் நான் நம்பறதா இல்ல, க்ளைவ்."

முப்பத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. கார் தெருமுனை திரும்பும்வரை க்ளைவ் கையாட்டிக்கொண்டே நின்றார். விருந்துக்குப் போகப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

வயரை ஒரு கோட் ஹாங்கரில் சுற்றி, ஹாங்கரைத் திரைச்சீலைக் கம்பியில் மாட்டினார். படம் வந்தது. ஏழரை மணிக்குப் பதிவு என்று ஏற்கெனவே குறித்து வைத்தாகிவிட்டது. ஒரு பியரை உடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏழரை ஆனது. நிகழ்ச்சியின் தாளம் கொட்டியது. பதிவாகிறது என்று காட்டும் சிவப்புப் புள்ளி மட்டும் வரவில்லை. க்ளைவ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்தார். கம்ப்யூட்டரின் கடிகாரத்தில் ஆறரை.

இந்தத் தெருவில் இது புதிதல்ல. க்ளைவ் வீடு இருக்கும் பக்கம் நியூ சவுத் வேல்ஸ், எதிர்ப்பக்கம் குயின்ஸ்லாந்து. கோடை வந்தால் இந்தப் பக்கத்தார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், அந்தப் பக்கத்தார் மாட்டேன் என்பார்கள். பல் பிடுங்கப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் "எந்தப் பக்கத்து மணி?" என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். இந்தக் கணக்கில் நொரீனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பக்கத்து மருந்துக் கடையில் இருபது வருடம் வேலை பார்த்தவள். மணி தவறி வந்து நிற்கிறவர்களை, "எல்லையில குடியிருந்துக்கிட்டு இந்தக் கணக்குக் கூட வராதா?" என்று கடையில் வைத்தே வாங்கு வாங்கென்று வாங்குவாள்.

கம்ப்யூட்டரோ அந்தப் பக்கத்து பிரிஸ்பனில் பிறந்தது. தன்னை இந்தப் பக்கம் தூக்கி வந்துவிட்டார்கள் என்பதே அதற்குத் தெரியாது. தார்ப்பாய் எப்படிப் பதிவானது என்று க்ளைவுக்கு இப்போதுதான் விளங்கியது.

அந்த நிமிடத்தில் பதிவுப் பொத்தானை நேராக அழுத்தியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் க்ளைவ் எதையும் முறைப்படி செய்கிறவர். கடிகாரத்தைத் திருத்தினார்.

திடீரென்று ஒரு மணி நேரம் கடந்துவிட்டதாக அறிந்த கம்ப்யூட்டர் பதறிப்போனது. விட்டுப்போன கடமைகள் எல்லாம் அதற்கு ஞாபகம் வந்துவிட்டன. வைரஸ் தேடியது. பழையதைப் புதுப்பிக்கிறேன் என்றது. திரையில் ஊதா ரவிக்கையில் நொரீன் நடந்து வந்து, கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டினாள். க்ளைவும் தன்னை அறியாமல் கையைத் தூக்கினார். அதற்குள் திரை நீலமானது. 'புதுப்பிக்கப்படுகிறது. தயவுசெய்து அணைக்க வேண்டாம்.' நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"இப்பவா? ஒன்றரை வருஷமா சும்மாதானே கிடந்தே, இப்பவா உனக்கு?"

வட்டம் சுற்றியது. தொலைபேசி அடித்தது. விருந்திலிருந்து டெஸ்.

"என்னப்பா க்ளைவ், ஓடுதா?"

"ஓடுது" என்றார் க்ளைவ், வட்டத்தைப் பார்த்தபடி.

"நம்ம நொரீன் எப்படி?"

"கையாட்டினா."

"பலே! இரு, மைக்ல சொல்லிடறேன்." பின்னால் நூறு பேர் ஆரவாரம் செய்தது கேட்டது. க்ளைவ் போனை வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டர் கடமைகளை முடித்துக்கொண்டு கண் திறந்தபோது நிகழ்ச்சி முடிந்து, மெத்தை விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. க்ளைவ் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் போயிற்று.

சட்டென்று தலை நிமிர்ந்தார். குயின்ஸ்லாந்து! அந்தப் பக்கத்து சேனலும் இங்கே எடுக்கிறதே! அவர்களுக்கு இன்னும் ஏழரையே ஆகவில்லை! ஒரு தடவை கோட்டை விட்டதை ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பிடிக்கலாம் என்ற சலுகையைக் கடவுள் இந்தத் தெருக்காரர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறார்.

சேனலை மாற்றினார். நேரத்தை விரல் விட்டு எண்ணி எண்ணிக் குறித்தார். அந்தப் பக்கத்து ஏழரை வந்தது. தாளம் கொட்டியது. சிவப்புப் புள்ளி டக்கென்று எரிந்தது. க்ளைவ் பியர் பாட்டிலோடு ஒரு சுற்று ஆடினார்.

ஆடியதில் தரை அதிர்ந்து ஹாங்கர் நழுவியது. படம் லேசாகச் சிதறியது. சும்மா இருந்திருக்கலாம். மேசைக்குப் பின்னால் புகுந்து வயரைச் சரிசெய்யப் போனார். முழங்காலில் ஏதோ சிக்கி இழுபட்டது. எழுந்து பார்த்தால் திரை ஒரேயடியாக இருண்டு, சத்தமும் இல்லாமல் கிடந்தது.

தட்டினார். கெஞ்சினார். திரையில் கிடைத்த பொத்தானை எல்லாம் அழுத்தினார். கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தார். அசையவில்லை. செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டி குயின்ஸ்லாந்துக்கு ஓடினார்.

எதிர்வீட்டு க்ளெனிஸ், நொரீனின் முப்பது வருடச் சினேகிதி. பழைய டெக்கை இன்னும் பொன்போல வைத்திருப்பவள். கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள்.

"க்ளெனிஸ்! டெக்கு! கேசட்டு! நொரீன் உங்க டிவியில வந்துக்கிட்டிருக்கா!"

"எனக்குத் தலைவலி. டிவியே போடல."

"போடு! சீக்கிரம் பதிவு பண்ணு!"

"டெக்கு கேசட்டைத் தின்னுடுது, க்ளைவ்."

"நேத்துதானே அதுல படம் பார்த்தேன்னு சொன்னே?"

"அதுக்கப்புறம்தான் தின்ன ஆரம்பிச்சுது."

"சரி, கண்ணால பார்க்கவாவது விடு! என்ன ஆச்சுன்னாவது தெரிஞ்சுக்கறேன்!"

"நொரீன் இல்லாம பார்க்க மாட்டேன்னு அவகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்." க்ளெனிஸ் கதவுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டாள். என்ன ஒரு விசுவாசம் என்று அந்த நிலையிலும் க்ளைவுக்கு மனம் இளகியது. அவளும் அவரை ஒரு மாதிரி பரிதாபமாகத்தான் பார்த்தாள். "போய்ப் படு, க்ளைவ். நீ உன்னால ஆனதைச் செஞ்சுட்டே."

வீட்டுக்கு வந்து அந்தக் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. வேறு யாரையும் நம்பவில்லை என்று சொல்லிவிட்டுப் போனவளின் முகத்தில் எப்படி விழிப்பது? எதையும் தொடப் பிடிக்காமல் அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் மதியம் நொரீன் திரும்பி வந்தாள். கார் நிற்பதற்குள்ளேயே க்ளைவ் கதவருகில் போய் நின்றார்.

"ஒண்ணுமே பதிவாகல, நொரீன்."

அவள் இறங்கி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "போனாப் போகுது, விடு."

"திட்டு நொரீன். நல்லா நாலு திட்டு திட்டிடு."

"எதுக்குத் திட்டணும்? கம்ப்யூட்டர்னா அப்படித்தான். டெஸ்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

மதியத்துக்கு ஆட்டு விலாக்கறி பொரித்து, புதினா சாஸோடு வைத்தாள். கேட்காமலே இன்னொரு துண்டு போட்டாள். ஒவ்வொரு துண்டும் க்ளைவுக்கு நெஞ்சில் முள்ளாக இறங்கியது. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். இந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. நொரீனோ பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். தேங்காய்ப்பூ தூவிய லாமிங்டன் கேக்கோடு க்ளெனிஸ் வந்து சேர்ந்தாள். இரண்டு பேரும் சமையலறையில் குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். துக்கத்தை மறைத்துக்கொண்டு தனக்காகச் சிரிக்கிறாள் என்று க்ளைவுக்குத் தோன்றியது. இவளுக்குப் போய் இப்படிச் செய்துவிட்டோமே என்று பொங்கிப் பொங்கி வந்தது.

அந்தச் சனியனை இன்றே தெருவோரத்தில் கொண்டுபோய் வைப்பது என்று தீர்மானித்து, வயர்களைப் பிடுங்க மேசைக்குப் பின்னால் குனிந்தார். பிடுங்காமலே ஒரு வயர் கையோடு வந்தது. திரைக்குப் போகும் வயர்.

க்ளைவ் அதைச் சொருகினார். திரை பளிச்சென்று எரிந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி: 'பதிவு முடிந்தது.'

குருடாகிக் கிடந்தது திரைதான். கம்ப்யூட்டர் பாவம், இருட்டிலேயே தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

முதலில் டெஸ்ஸுக்குப் போன் போட்டார். "பதிவாயிடுச்சு! முழுசா!"

"அசத்திட்டேப்பா! வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐம்பது பேருக்கு சாசேஜ் சேர்த்துச் சொல்லிடறேன்! பேப்பர்காரனையும் வரச் சொல்லிட்டேன்ப்பா!"

போனை வைத்துவிட்டு, பதிவை ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு கத்தினார். "நொரீன்! க்ளெனிஸ்! ஓடி வாங்க! கிடைச்சிடுச்சு!"

நொரீன் தேநீர்க் கோப்பையோடு ஓடி வந்தாள். "அணை! அதை அணை, க்ளைவ்!"

"வெக்கப்படாதே, பாரு!" என்றார் க்ளைவ் பூரிப்போடு.

திரையில் ஊதா ரவிக்கை நொரீனைப் பார்த்து நிகழ்ச்சி நடத்துபவர் சிரித்தார். "முதல் கேள்வி. நீங்க எல்லையில குடியிருக்கறவங்க, தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவீங்க. ஜனவரி மாசம் உங்க பக்கத்து சிட்னியில மத்தியானம் பன்னிரண்டு மணின்னா, பிரிஸ்பன்ல மணி என்ன?"

திரை நொரீன் பெருமையாகக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். "இருபது வருஷமா தினமும் போடற கணக்கு சார் இது. ஒரு மணி!"

தப்பு என்று மணி அலறியது. கூட்டம் சிரித்த சிரிப்பில் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. நிகழ்ச்சி நடத்துபவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். முதல் கேள்வியிலேயே வெளியே போன ஊதா ரவிக்கை, போகும்போது கையாட்டவில்லை.

இந்த நொரீன் கோப்பையை மேசைமேல் வைத்தாள். விடுவிடுவென்று உள்ளே போனாள். படுக்கையறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

க்ளைவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவதானே பதிவு பண்ணச் சொன்னா? உன்னைத் தவிர வேற யாரையும் நம்பறதா இல்லைன்னு அவ வாயாலதானே சொன்னா, க்ளெனிஸ்?"

க்ளெனிஸ் கையிலிருந்த தேங்காய்ப்பூவைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "ஆமா, நான் பதிவு பண்றேன்னதுக்கு, 'நீ பண்ணினா பதிவாயிடும்டி, க்ளைவ்கிட்ட குடுத்தாத்தான் நிம்மதியா ஊருக்குப் போகலாம்'னு சொல்லி உன்னைத்தான் மலை மாதிரி நம்பியிருந்தா, முப்பத்தெட்டு வருஷத்துல நீ அவளை ஏமாத்தினது இதுதான் முதல் தடவை, க்ளைவ்."