வாயைத் திறக்காத வைத்தியம்

என் சம்சாரத்தின் மனசுக்குள் என்னதான் இருக்கிறது என்று கண்டுபிடித்தே தீருவது என்று ஒரு தீர்மானம் எடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொந்தமாக எடுத்த முதல் தீர்மானம் அது. அதனால்தான் அப்படி முடிந்தது.

காரணம், அவள் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள்.

சிரிக்காதீர்கள். சின்னமனூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் சுருளிவேலு என்கிற என்னை நாலு பேருக்குத் தெரியும் என்றால், என் சம்சாரம் கஸ்தூரியம்மாளின் குரலை நானூறு பேருக்குத் தெரியும். செயின் எண்ணெய்க் கையோடு நான் சோற்றுக்கு உட்கார்ந்தால் அவள் போடும் சத்தத்தில், கம்பம் போகிற மோட்டார் பஸ் ஒதுங்கி வழிவிடும். அப்பேர்ப்பட்டவள் ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை. எண்ணெய்க் கையை வெள்ளை வேட்டியில் துடைத்துப் பார்த்தேன். "ம்" என்றாள். குழம்பில் உப்பில்லை என்று வலுச்சண்டைக்குப் போனேன். "அப்படியா" என்றாள். எனக்குக் குலை நடுங்கிவிட்டது.

நடுங்குவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அனுமந்தன்பட்டியில் இருக்கும் என் அண்ணன். பெயர் கர்ணன். அவர் கொடுப்பதெல்லாம் உத்தரவு மட்டும்தான். போன மாதம் கடைக்கு வந்தவர், "ஏலே, இந்த ரெண்டு சக்கரத்தை உருட்டுனது போதும். கடையை மூடிட்டு நம்ம வயக்காட்டுக்கு வந்துரு" என்றார். நான் "சரிண்ணே" என்றேன். அண்ணனிடம் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். கஸ்தூரியிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இப்போது அவள் பேசாமல் இருக்கிறாளே, விஷயம் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு பீட்டர்ராஜ் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். இங்கிலீஷ் பத்திரிகை எல்லாம் படிப்பவர். என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"என்ன சுருளிவேலு, காத்துப்போன டியூப் மாதிரி இருக்கீக?"

"வீட்டுல பேச்சு நின்னுபோச்சு வாத்தியாரே."

"யாரு பேச்சு?"

"எம் பேச்சு எப்பங்க இருந்துச்சு? அவ பேச்சுதான்."

வாத்தியார் யோசித்தார். "இதுக்கு ஒரு வைத்தியம் இருக்கு. சீமையில, வியன்னா பட்டணத்துல பெரிய பெரிய டாக்டருக எல்லாம் இப்ப இதைத்தான் செய்யிறாக. மருந்து கிடையாது, ஊசி கிடையாது. ஆளைக் கட்டில்ல படுக்கச் சொல்லணும். டாக்டரு தலைமாட்டுல, கண்ணுக்குத் தெரியாம உக்காந்துக்கிருவாரு. படுத்தவுக மனசுல வர்றதை எல்லாம் பேசணும். டாக்டரு வாயைத் திறக்கக் கூடாது. இடையில 'ம், அப்புறம்?' அம்புட்டுத்தான். பேசப் பேச உள்ள அடைச்சுக்கிட்டு இருக்கிறது வெளிய வந்துரும். மனசு லேசாயிரும்."

"வாயைத் திறக்காம உக்காந்திருந்தா டாக்டரா? அப்ப நான் கல்யாணமான நாள்ல இருந்து டாக்டருதான வாத்தியாரே!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முகூர்த்தம் குறித்து, வாத்தியாரிடமும் சொல்லி வைத்தேன். கூடத்தில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, தலைமாட்டில் ஒரு முக்காலி வைத்தேன். கஸ்தூரி அடுப்படியிலிருந்து முறத்தில் பச்சை மொச்சையோடு வந்தாள்.

"கஸ்தூரி, இங்கன வந்து படு."

"பட்டப்பகல்ல எதுக்குப் படுக்கணும்? எனக்கு என்ன காய்ச்சலா?"

ஒரு வாரம் கழித்து முழுசாக ஒரு வாக்கியம்! வைத்தியம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பலிக்கிறதே என்று பூரித்துப்போனேன்.

"இது மனசுக்கான வைத்தியம். படுத்துக்கிட்டு வாயில வர்றதை எல்லாம் சொல்லணும்."

"வாயில வர்றதை நான் நின்னுக்கிட்டே சொல்லுவேனே."

"நின்னு சொன்னா அது சண்டை. படுத்துச் சொன்னாத்தான் வைத்தியம்."

"எனக்கு ஒண்ணும் வெளங்கலை. ஒருக்கா நீங்க படுத்துக் காட்டுங்க. பாத்துக்கிட்டு அப்புறம் நான் படுக்கிறேன்."

நியாயமாகத்தான் பட்டது. படுத்தேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து மொச்சையை உரிக்க ஆரம்பித்தாள்.

"ம்" என்றாள்.

"இந்தா பாரு, இப்படித்தான். மேல உத்திரம் தெரியுது. அதுல ஒரு பல்லி. பல்லியைப் பாத்தா எனக்குச் சைக்கிள் பெடல் ஞாபகம் வருது. இப்படி என்ன தோணினாலும் சொல்லணும்."

"அப்புறம்?"

"கடையைத் திறந்ததும் ஒரு சைக்கிள் மணியை அடிச்சுப் பாப்பேன். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி. வயக்காட்டுல அந்தச் சத்தம் ஏது?"

"ம்."

முகம் தெரியவில்லை. மொச்சைத் தோல் பிரியும் சத்தம் மட்டும் நிதானமாகக் கேட்டது. என் வாய் என் பேச்சைக் கேட்காமல் ஓட ஆரம்பித்தது. இறக்கத்தில் பிரேக் இல்லாத சைக்கிள் மாதிரி.

"எங்கய்யா செத்தப்ப எனக்கு விவரம் தெரியாத வயசு. வாய்க்கால்ல வெள்ளம். அண்ணன்தான் என்னையத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு அக்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனாக. தண்ணி அவுக நெஞ்சு வரைக்கும். 'பயப்படாத, பிடிச்சுக்க'ன்னாக. நான் 'சரிண்ணே'ன்னேன். இன்னைக்கும் அவுக முன்னாடி போய் நின்னா நான் அந்தத் தோள்லதான் இருக்கேன் கஸ்தூரி. முடியாதுன்னு சொன்னா கீழ விழுந்துருவேன்னு தோணுது."

இதை நான் அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது.

மொச்சை உரிக்கும் சத்தம் நின்றது. "அப்புறம்?" என்றாள். அவள் குரல் இவ்வளவு மெதுவாக இருக்கும் என்று அந்தத் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள்.

"கடையை மூடச் சொன்னாக. சரின்னு சொல்லிட்டேன்."

"உங்களுக்கு மூட இஷ்டமா?"

"இல்லை."

"சரியாக் கேக்கலை."

"இல்லை!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

"மூட மாட்டேன்! அது என் கடை! அண்ணன் இல்லை, அந்த ராசாவே வந்து சொன்னாலும் மூட மாட்டேன்!"

அடுப்படிக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. நான் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தேன். சாப்பிட்ட கையோடு, மீசையில் ரசத்தோடு, அண்ணன் கர்ணன் நிலைப்படியில் நின்றார்.

"சரிண்ணே" என்றேன். பழக்கதோஷம்.

"எதுக்குடா சரி? ஏலே, கடை ஓடலைன்னு ஊருல யாரோ சொன்னாக. ரோசக்காரப் பய, வாய் விட்டுக் கேக்காமத் தவிக்கிறியோன்னுதானே வயக்காட்டுக்குக் கூப்பிட்டேன். பிடிக்கலைன்னா அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?" மேல்துண்டால் மீசையைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். "தோள்ல இருந்து எப்பவோ இறக்கி விட்டுட்டேன்டா. நீதான் இறங்கலை. ஆத்தா கஸ்தூரி, நான் வாரேன். மொச்சைக் குழம்புக்கு இன்னொரு நாள் வாரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

"அண்ணன் எப்படி இங்க?" என்றேன்.

"நான்தான் சாப்பிட வரச் சொல்லி ஆள் விட்டேன். கொல்லைப்பக்கமா வந்து அடுப்படியில சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக."

"கடை விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"தூக்கத்துல 'சரிண்ணே, மூடிருறேண்ணே'ன்னு உளறுறீகளே. நேருல கேட்டா மழுப்புவீக. அதான் ஒரு வாரமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். வியன்னா டாக்டருக அப்படித்தான் செய்யிறாகளாம்ல?"

"வியன்னாவா! அது உனக்கு யாரு சொன்னா?"

"வாத்தியார் சம்சாரம் இருதயம்மாதான். உங்ககிட்ட சொல்லச் சொல்லி வாத்தியாரை ஏவி விட்டதும் அவதான்."

பீட்டர்ராஜும் என்னைப் போல ஒரு டாக்டர்தான் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் மனசு பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது. அந்த சந்தோஷத்தில் டாக்டர் உத்தியோகத்தை விட மனசில்லாமல் முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"சரி, என் முறை முடிஞ்சது. இப்ப நீ படு. உன் மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டு. நான் கேக்குறேன்."

கஸ்தூரி முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அதை எல்லாம் தினமும் தண்ணிக் கிணத்துல இருதயம்மாகிட்டக் கொட்டிட்டுத்தான வாரேன். எந்திரிச்சு அடுப்பை ஊதுங்க."