ஒரு கைக்கு ஒரு மருந்து

"பேரை மலையாளத்தில எழுதினா நான் கைய நீட்டமாட்டேன், பாத்துக்கிடுங்க," என்றாள் தங்கபாய். சொன்னதோடு நிற்காமல் இடது கையை முந்தானைக்குள் சுருட்டியும் வைத்துக்கொண்டாள்.

அம்மை குத்த வந்த கனகதாஸ் முற்றத்தில் நின்று மூச்சு வாங்கினார். காலையிலிருந்து இது பதினோராவது வீடு. பதினோரு வீட்டிலும் இதே பேச்சு.

"அம்மா, இது அம்மை வராம இருக்கக் குத்துறது. இதில என்ன தமிழு, மலையாளம்?"

"எல்லாம் எங்களுக்குத் தெரியும். எல்லை வரைய வாறவனுக்கிட்ட இந்த நோட்டக் காட்டி, பாறசாலையில உள்ளவன் ஒக்க மலையாளத்தானாக்கும்ணு சொல்லீருவிய."

ஐம்பத்தைந்தாம் வருடம் அது. பாறசாலை தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. அரசாங்க நோட்டைக் கையில் வைத்திருந்தவனைக் கண்டால் நாய்கூடக் குரைத்தது. கனகதாஸ் பாவம், அவருக்கு எந்தப் பக்கமும் வேண்டாம். மாதம் முடிவதற்குள் நூற்றிருபது கை வேண்டும், அவ்வளவுதான். கூட வேலை பார்க்கும் சிவதாணு ஒரு சேதி சொல்லியிருந்தார். மலைமேல் இருக்கிற தேவிகுளத்துக்கு ஒரு குத்துகாரரை மாற்றப்போகிறார்களாம். இங்கே குத்தி முடிக்காதவனைத்தான் தூக்கி அங்கே அடிப்பார்களாம். கனகதாஸுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. ஒற்றசேகரமங்கலத்து மலையடிவாரக் காற்றுக்கே இரண்டு நாள் படுக்கை. தேவிகுளத்து மஞ்சுக் குளிரில் ஒரு மாதம் தாங்கமாட்டார். இது அவருக்கும் தெரியும், அவர் மனைவி செல்லபாய்க்கும் தெரியும்.

"சரி, தமிழிலேயே எழுதுறேன்," என்று எழுதியும் காட்டினார். ஆபீசுக்கு மறுபடி மலையாளத்தில் எழுத வேண்டும். அது தன் தலையெழுத்து.

தங்கபாய் கையை வெளியே எடுத்தவள் சட்டென்று நிறுத்தினாள். "உங்க நெஞ்சுக்குள்ள என்ன, பூனக்குட்டி கிடந்து கத்துது?"

"இழுப்பு."

"நல்ல காரியம்! சொந்த நெஞ்சைச் சரியாக்கத் தெரியாத ஆளாக்கும் எங்களுக்கு நோய் வராம காக்க வந்திருக்கு!"

கை மறுபடி முந்தானைக்குள் போய்விட்டது. கனகதாஸ் கெஞ்சினார். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"எனக்க மருந்த நீங்க குடியுங்க. உங்களுக்க மருந்த நான் குத்திக்கிடுதேன்."

ஆடாதோடைக் கஷாயம் ஒரு செம்பு நிறைய வந்தது. கசப்பு உச்சந்தலை வரை ஏறியது. ஆனால் அந்த வீட்டில் நாலு கை கிடைத்தது.

"நாப்பத்தொரு நாளு மீனு தொடப்பிடாது," என்றாள் தங்கபாய். "தொட்டிய எண்ணு கேட்டா, குத்துன இடத்தில நாரங்காயப் பிழிஞ்சு தேச்சு, குத்தே பொங்காம அழிச்சுப்போடுவேன்."

நோயைவிட வேகமாகச் சேதி பரவியது. மறுநாள் எந்த வீட்டிலும் மலையாளம் பற்றிப் பேச்சே இல்லை. வாசலிலேயே ஆளுக்கொரு கிண்ணத்தோடு நின்றார்கள். தூதுவளைச் சாறு, திப்பிலிப் பொடி, இன்னதென்று யாரும் சொல்லாத ஒரு கறுப்பு லேகியம். அவர் குடித்தார், நக்கினார், விழுங்கினார். அவர்கள் கையை நீட்டினார்கள். ஒருத்தி தயிர் ஆகாது என்றாள், இன்னொருத்தி மரச்சீனிக் கிழங்கு ஆகாது என்றாள். ஒருவர் உப்பையே நிறுத்தச் சொன்னார்.

பொழியூர்க் கடற்கரையில் மீன்காரி மார்கிரெட் சுறா எண்ணெய்க் குப்பியோடு காத்திருந்தாள். அவள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலுமாக ஏழு கை.

"எண்ணெய் மட்டும் போராது. தினமும் மீனு திங்கணும். இப்பம் என் கண்ணு முன்ன தின்னுங்க."

"மீனு வேண்டாம்ணு ஒரு பத்தியம் உண்டு, அம்மா..."

"எவ சொன்னா? மீனு திங்காதவனுக்கு நெஞ்சில எங்கிருந்து பெலம் வரும்?"

ஏழு கை. கனகதாஸ் தின்றார். நாலு நாளைக்குப் பிறகு வாயில் பட்ட சாளைக் கறி; சத்தியமாகச் சொன்னால் ருசித்துத்தான் தின்றார்.

மார்கிரெட் மீன் விற்கப் பாறசாலைச் சந்தைக்குத்தான் வருவாள் என்பது அவருக்கு யோசனையில் வரவில்லை. சனிக்கிழமை தங்கபாய் ஒரு கையில் நாரங்காயோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"குத்துகாரரே! சாளை எப்பிடி இருந்தது?"

அவள் நாரங்காயைக் கீழே வைப்பதற்குள் கனகதாஸ் இரண்டு செம்பு கஷாயம் குடிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு இழுப்பு கூடியது.

திங்கட்கிழமை குத்தப் போன வீட்டில் பரமசிவன் ஊமத்தை இலைச் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். "நாலு இழுப்பு இழுத்தா உம்ம இழுப்பு ஓடியே போவும்." நாலாவது புகையில் கனகதாஸின் நாக்கு வறண்டது. முன்னால் நின்ற ஒரு பரமசிவன் இரண்டு பரமசிவனாக ஆனார். இரண்டு பேருக்கும் குத்தினார்.

"எலே! எனக்கு ரெண்டு குத்து எதுக்கு? ஒண்ணு தமிழனுக்கு, ஒண்ணு மலையாளத்தானுக்கா?"

வீட்டில் செல்லபாய் கஞ்சிப் பானையை இறக்கிவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கேட்டியளா, இனி உங்களுக்கு எதைத் தரணும், எதைத் தரப்பிடாது எண்ணு ஒரு கடலாசில எழுதித் தாருங்க."

எழுதினார். தயிர் போயிற்று, மரச்சீனி போயிற்று, மீன், உப்பு, புளி, வாழைப்பழம் எல்லாம் போயிற்று. கடைசியில் சுடுதண்ணீர் மட்டும் மிஞ்சியது. அதையும் ஒரு வீட்டில் ஆறவைத்துக் குடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

"மேலெல்லாம் எலும்பாப் போச்சு. இந்த வேலைய விட்டுப்போடுங்க," என்றாள் செல்லபாய்.

"விட்டா எதை வச்சுக் கஞ்சி குடிக்க? தேவிகுளத்தில கிடந்து மூச்சுமுட்டிச் சாகதுக்குப் பதிலா, இங்க உனக்க பக்கத்தில கஷாயம் குடிச்சுக் கிடக்கேன் மக்கா. இன்னும் முப்பத்தியொண்ணு கை. அவ்வளவுதான்."

முப்பத்தொன்றையும் குத்தினார். எப்படி என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கடைசி மூன்று கைக்காக நெஞ்சில் சுட்ட செங்கலை ஒத்தடம் வைக்கவும் சம்மதித்தார்.

மாதக் கடைசி நாள் நெய்யாற்றின்கரை ஆபீசின் படிகளை நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து ஏறினார். நோட்டை மேசைமேல் வைத்தார். பியூன் ராஜன் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"நூற்றிருபதா! சாரே, திருவிதாங்கூர்ல வேற ஒருத்தரும் தீர்க்கல்ல."

கனகதாஸ் பெஞ்சில் சாய்ந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சு கொஞ்சம் தாராளமாக வந்தது. அழுகையும் வந்தது. நல்ல மனுஷர் ஆதலால் அடுத்தவனை நினைத்து வருத்தமும் வந்தது.

"சிவதாணு எத்தறை குத்தினாரு?"

"ஒம்பது. அதில நாலு அவருக்க வீட்டு ஆளுவ."

"பாவம். அப்பம் தேவிகுளத்துக்கு எண்ணைக்குப் போறாரு?"

ராஜன் மேசை இழுப்பறையிலிருந்து முத்திரை வைத்த ஒரு காகிதத்தை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினான்.

"அவரை அங்க விட்டு என்னத்துக்கு சாரே? அங்க ஒருத்தனும் கைய நீட்டமாட்டேங்கானாம். எந்த மருந்தக் குடிச்செங்கிலும் குத்தி முடிக்குத ஆளு வேணும்ணு அங்க உள்ளவிய உங்களையாக்கும் கேட்டிருக்கினும்."