காய் திறக்காத கனோலா

மழை பெய்தாலும் ஜெயிப்பார், வெயில் காய்ந்தாலும் ஜெயிப்பார், வீடே இடிந்து விழுந்தாலும் 'நான் அப்பவே சொன்னேன்' என்று செங்கல் குவியலுக்கு அடியிலிருந்து குரல் கொடுப்பார். ஐயா, இப்படி ஒரு ஜீவராசியைப் பார்த்திருக்கிறீர்களா? தோற்கத் தெரியாத மேதை என்று பெயர். எல்லா நாட்டிலும் விளையும். கனடாவில் சஸ்கட்டூன் பக்கம் விளைந்த ஒன்றைச் சொல்கிறேன்.

டாக்டர் டெல்மர் ஃப்ரீசன் கனோலா ஆராய்ச்சிக்காரர். கனோலா நம் கடுகுக்கு ஒன்றுவிட்ட தங்கை, எண்ணெய்க்காக விதைப்பது. அதற்கு ஒரு கெட்ட குணம். முற்றியபின் ஒரு பெருங்காற்று அடித்தால் போதும், காய் வெடித்து விதையெல்லாம் மண்ணோடு போகும். 'வெடி' என்று செடிக்குள் போகிற உத்தரவை வழியிலேயே மடக்கிக் கிழித்துப் போடுகிற துக்கடா ஆர்.என்.ஏ. ஒன்றை டெல்மர் கண்டுபிடித்துவிட்டார். கண்டவர் சும்மா இருப்பாரா? செடிக்குள் அதை ஏகத்துக்கும் பெருகவிட்டார்.

செடி நெட்டையாக வளர்ந்தால், "பாத்தீங்களா, ஆர்.என்.ஏ. வேலை செய்யுது!" குட்டையாகப் போனால், "ரொம்ப நல்லா வேலை செய்யுது!" செத்தே போனால்? "அடேயப்பா, என்ன சக்தி!"

ஊரே மெச்சியது. மனைவி லாரிசாவின் அண்ணன் ஓரெஸ்ட் மட்டும் மெச்சவில்லை. அவர் கனோலா விவசாயி. கிறிஸ்துமஸ் விருந்தில் பெரோகிக் கொழுக்கட்டையை வாயில் அடக்கிக்கொண்டே கேட்பார்: "மாப்ளே, உங்க கட்டுரையப் பிழிஞ்சா எத்தன சொட்டு எண்ணெய் வரும்?" டெல்மருக்குச் சுருக்கென்று தைக்கும். அந்த வாயால் ஒரு பாராட்டு வாங்காமல் கட்டை வேகாது என்று இருந்தார். கேலி செய்தாலும் ஓரெஸ்டுக்கும் உள்ளுக்குள் ஆசைதான். போன வருஷக் காற்று அவர் விளைச்சலில் பாதியை வாரிக்கொண்டு போயிருந்தது. முறைப்படி அனுமதி வாங்கி, அவர் வயலிலேயே ஒரு மூலையில் டெல்மர் விதைத்தார்.

செப்டம்பரில் காற்று வந்தது. ஓரெஸ்டின் கனோலா உதிர்ந்து தரையெல்லாம் கறுத்துக் கிடந்தது. டெல்மர் மூலையில் ஒரு காய்கூட வாய் திறக்கவில்லை. ஓரெஸ்ட் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"மாப்ளே, உங்கள என்னமோ நெனச்சிட்டேன். வர்ற வருஷம் முழு வயலுக்கும் இதான்."

டெல்மர் தரையில் நடக்கவில்லை. காயை உடைத்து விதையைத் தொட்டியில் சேர்க்கிற அறுவடை இயந்திரம் அந்த மூலைக்குள் இறங்கியது, போனது, திரும்பியது. ஓரெஸ்ட் மேலே ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் ஒரு கைப்பிடி விதை. இயந்திரத்தின் பின்னால் வைக்கோலோடு காய்களெல்லாம் முழுசு முழுசாக வந்து விழுந்திருந்தன.

"மாப்ளே, விதை எங்க?"

"உள்ள பத்திரமா இருக்கு மச்சான்!"

"எப்படி எடுக்கறது?"

"அது வேற ஆராய்ச்சி." டெல்மரின் முகம் மலர்ந்தது. "காத்த விடுங்க, உங்க மெஷினாலயே திறக்க முடியலயே! இதவிட என்ன வெற்றி வேணும்?"

ஓரெஸ்ட் ஒரு காயைப் பல்லில் கடித்துப் பார்த்தார், உடையவில்லை. பாவம், பார்க்கச் சகிக்கவில்லை.

அறுவடை பார்க்கக் கூட வந்திருந்த லாரிசா கணவனின் கையைப் பிடித்தாள். "ஒரே ஒரு தடவ தப்புன்னு சொல்லிடுங்க. அண்ணன் மூஞ்சியப் பாருங்க."

டெல்மர் பார்த்தார். உதடு அசைந்தது. "தப்புதான்... மெஷின் மேல."

ஓரெஸ்ட் பெருமூச்சு விட்டார். "ஜெயிச்சிட்டீங்க மாப்ளே, ஒத்துக்கறேன். இனிமே விதையும் கையுமா என் வயக்காட்டுப் பக்கம் வந்துடாதீங்க."

முதல் வாக்கியத்தோடு டெல்மரின் காது அடைத்துக்கொண்டது. மச்சானே ஒத்துக்கொண்டார் என்று அந்த வாரம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் சொல்லி மாளவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்து, பெயரை மட்டும் மாற்றி டெல்மரிடமே காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அச்சு அசல் எங்க பக்கத்து ரூம்காரன்!" என்றார். நீங்களும் சிரித்தீர்கள் அல்லவா? உங்களுக்கு யார் ஞாபகம் வந்தது?