ஜப்பான் மாஸ்டர் சொன்ன வழியனுப்புதல்

ஜப்பானியர்கள் எல்லாரும் ஒருநாள் தங்கள் பழக்கவழக்கங்களை மறந்துவிட்டால், நேரே பழவேற்காட்டுக்கு வந்து எங்கள் ஜப்பான் மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளே, அப்பா பொய் சொல்லவில்லை. கப்பலில் சமையல் வேலை பார்த்தபோது நான்கு நாள் ஜப்பானில் இருந்தவர் அவர். அதில் இரண்டு நாள் காய்ச்சல்.

ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணலில் அடைபட்டு, வலை வெறுமையாகத் திரும்பிய வருஷம் அது. ஜப்பானில் மீன் பதப்படுத்தும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஐந்து பேர் அவரிடம் பாஷை படிக்கச் சேர்ந்தோம். மாஸ்டர் என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

"பாஷை கெடக்கட்டும்ப்பா, மொதல்ல குனிஞ்சு வணக்கம் வை!" என்பார். தெருவில் குனிந்து பழகினால், "இன்னாடா தேடறீங்க?" என்று போவோர் வருவோர் கேலி. அதனால் டச்சுக்காரர் கல்லறை வாசலுக்கு அழைத்துப் போனார். அங்கே கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் உண்டு.

"இவுங்கதான் உங்க மொதலாளிங்க. சிரிக்க மாட்டாங்க, குனி!"

வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி விடச் சொன்னார். மாமியார் வீட்டில் செய்து பார்த்தேன். "வந்ததுமே கெளம்பறதுக்கு ரெடியா?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வழியனுப்புனா, போறவங்க மறையற வரிக்கும் குனிஞ்சு நிக்கணும். திரும்பிப் பாத்தா நாம இல்லாம போவக் கூடாது" என்பது மாஸ்டரின் பெரிய பாடம்.

ஒருநாள் ஆள் தேர்ந்தெடுக்கக் கம்பெனிக்காரர் ஜப்பானிலிருந்தே வந்துவிட்டார். ஐவரில் இருவருக்குத்தான் வேலை. பேச்சில் நான் திக்கித் திணறினேன். வழியனுப்புவதிலாவது பிழைக்கலாம் என்றிருந்தேன். அவருடைய கார் அக்கரையில் நின்றதால், ஏழுமலை மாமாவின் படகில் ஏறினார். நாங்கள் குனிந்தோம்.

தெருவென்றால் முனை திரும்பியதும் ஆள் மறைந்துவிடுவார். ஏரியில் முனை ஏது? நாங்கள் நிமிரவில்லை. அவரும் மரியாதைக்காரர், திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து குனிந்தார்.

"சார், உக்காரு சார்! படவு ஆடுது! டேய், நீங்களாவது நிமிருங்கடா!" என்று மாமா கத்தினார்.

தொப்பென்று ஒரு சத்தம்.

இடுப்பளவுத் தண்ணீர்தான். "போச்சு, எல்லாம் போச்சு!" என்று மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் தண்ணீரில் இறங்கி ஓடினேன். விழுந்த கம்பெனிக்காரரைத் தூக்குவதற்கு முன், பழக்க தோஷம், குனிந்து வணக்கம் வைத்தேன். என் முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

வேலை கிடைத்த இருவரில் நான் ஒருவன்.

புறப்பட்ட அன்று பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாஸ்டர் குனிந்து நின்றார். நானும் எழுந்து குனிந்தேன், கண்டக்டர் திட்டினார். அந்தச் சாலையும் ஏரி மாதிரிதான், சீக்கிரம் வளைவு வராது. மனிதர் ஒரு புள்ளியாகிப் போகும்வரை நிமிரவே இல்லை.