பிரஸ்ஸல்ஸில் முதல் பந்தி

போர்டு படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தெனாவட்டு இருக்கும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான் என்பதால், எனக்கு அது வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் சேர்த்து இருந்தது. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நின்றால் பஸ் போர்டு போதாதென்று எதிரில் இருக்கும் டீக்கடை, லாட்ஜ், சிமென்ட் விளம்பரம் எல்லாவற்றையும் உரக்கப் படிப்பேன். பஞ்சர் கடையில் வேலை செய்யும் என் அப்பா, பக்கத்தில் நிற்பவர்களைப் பெருமையோடு பார்ப்பார். (அவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை.)

இந்தத் தெனாவட்டோடுதான் பிரஸ்ஸல்ஸில் போய் இறங்கினேன்.

தண்டலம் பக்கம் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்த சமயம். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். புது அசெம்பிளி லைன் போடுவதற்காக எங்களில் இரண்டு பேரைச் சில வாரப் பயிற்சிக்கு அங்கே அனுப்பினார்கள். ஒருத்தி நான், இங்கிலீஷுக்காக. இன்னொருவர் பேச்சியக்கா, கைவேலைக்காக. விளாத்திகுளத்திலிருந்து பிழைக்க வந்து எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். பயிற்சியை முடித்துத் திரும்பினால் அக்காதான் புது லைனுக்கு லீடர். பாதியில் திரும்பினால் அந்தப் பதவி வேறு யாருக்கோ. அக்காவைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று மேனேஜரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன்.

நாங்கள் தங்கிய அறையில் வெந்நீர் வைக்கும் கெட்டில் உண்டு, அடுப்பு கிடையாது. பயிற்சி நடக்கும் இடத்தில் மதியம் ஜில்லென்று ரொட்டியும் சீஸும் தருவார்கள். நான் வீம்புக்கு விழுங்கினேன். அக்காவுக்கு இறங்கவில்லை. கொண்டுபோன ஊறுகாயை ரொட்டியில் தடவுவார், ஊறுகாயை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு ரொட்டியைத் திரும்ப வைத்துவிடுவார். முதல் சனிக்கிழமை காலையில் கண் விழித்தால், பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்திருந்தார்.

"முடியல பிள்ள. திங்கக்கெழம அந்த ஆபீசர்ட்ட சொல்லிட்டு நான் ஊருக்குப் போயிருதேன். ஒரு வாய் சோறு இல்லாம மனுசி எப்படி இருக்கது?"

"இன்னாக்கா, இவ்ளோ பெரிய ஊர்ல சோறா இல்லாம பூடும்? நான் இட்டுக்கினு போறேன், கெளம்புங்க."

ஊரில் ரெஸ்டாரன்ட் என்ற போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் நெடுஞ்சாலையில் 'பார் அண்டு ரெஸ்டாரன்ட்' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் குடும்பப் பெண்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இங்கேயோ பட்டப்பகலில் வாசலிலேயே நாற்காலி போட்டு, ஆணும் பெண்ணும் உயரமான கிளாஸில் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவை எதிர்ப்பக்கமாக நடத்திக்கொண்டு போனேன். கௌரவமாகச் சாப்பிட ஹோட்டல்தான் சரி. ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம் அல்லவா?

முதல் ஹோட்டலில், மேசைக்குப் பின்னால் நின்ற பெண் எத்தனை இரவு என்று கேட்டாள். இரவெல்லாம் வேண்டாம், இப்போது ஒரு வேளை மீல்ஸ் போதும் என்றேன். அவள் குழம்பிப்போய் உள்ளே யாரையோ கூப்பிட, நான் வெளியே வந்துவிட்டேன். மீல்ஸ் தீர்ந்துவிட்டதாம் என்று அக்காவிடம் அளந்தேன்.

தெருமுனையில் அந்த அம்புக்குறியைப் பார்த்தேன். Hôtel de Ville. ஓ எழுத்தின் தலையில் ஒரு தொப்பி வேறு. அரசாங்கமே அம்புக்குறி போட்டு வழி காட்டுகிறது என்றால் எவ்வளவு பெயர்பெற்ற ஹோட்டலாக இருக்க வேண்டும்! "ஹோட்டல் டி வில்லே" என்று உரக்கப் படித்துக் காட்டினேன். அக்கா பின்னால் வந்தார்.

அம்புக்குறி ஒரு பெரிய சதுக்கத்தில் கொண்டுபோய் விட்டது. கோபுரம் வைத்த அரண்மனை மாதிரி ஒரு கட்டடம். வாசலில் வெள்ளை கவுனில் ஒரு கல்யாணப் பெண் வெளியே வர, சுற்றி நின்றவர்கள் அவள்மேல் எதையோ அள்ளி வீசினார்கள். அக்கா குனிந்து ஒன்றிரண்டைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஏட்டி, அரிசி!"

அந்த ஊரில் நாங்கள் பார்த்த முதல் அரிசி அது. அட்சதை போடுகிறார்கள், அப்படியானால் ஹோட்டலோடு சேர்ந்த கல்யாண மண்டபம், அப்படியானால் பந்தி உண்டு. கணக்குச் சரியாக இருந்தது. அக்கா புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். அழைப்பில்லாத கல்யாணத்தில் எப்படி நுழைய வேண்டும் என்று எனக்குக் காதோடு பாடம் நடத்தினார். யாராவது கேட்டால் பெண் வீடு என்று சொல்ல வேண்டுமாம். மாப்பிள்ளை வீட்டார் துருவிக் கேட்பார்களாம்.

யாரும் கேட்கவில்லை. ஒரு கூட்டத்தோடு படியேறி, பொன்னிறச் சித்திர வேலை செய்த கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். சட்டைக்கு மேல் துணிப்பட்டை அணிந்த ஒருவர் எதையோ வாசித்தார், ஒரு ஜோடி கையெழுத்துப் போட்டது, எல்லோரும் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம். கூட்டம் எழுந்து போனது. சாப்பாட்டுக் கூடம் எந்தப் பக்கம் என்று நாங்கள் பார்ப்பதற்குள் அடுத்த ஜோடி வந்துவிட்டது. முகூர்த்த நாள் போலிருக்கிறது என்று அக்காவைத் தேற்றினேன். அதற்கும் கைதட்டினோம்.

இரண்டாவது கல்யாணம் முடிந்ததும், பெண்ணின் அம்மா மாதிரி இருந்த ஒருவர் எல்லோர் கையிலும் சின்னச் சின்ன வலைப்பை கொடுத்துக்கொண்டே வந்தார். எங்கள் புடவையையும் சுடிதாரையும் பார்த்து ஒரு கணம் தயங்கினார். பிறகு அக்காவின் கன்னத்தில் முத்தம் கொடுத்து, பையைக் கையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே சர்க்கரை பூசிய பாதாம்.

அக்கா பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"தாம்பூலம் குடுத்துட்டாங்களே பிள்ள. அப்பம் பந்தி முடிஞ்சு போச்சு."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. வாசலில் நின்ற சீருடைக்காரரிடம் போய், சாப்பாட்டுக் கூடம் எங்கே என்று என் பாலிடெக்னிக் இங்கிலீஷில் கேட்டேன். காங்கோவிலிருந்து வந்து குடியேறியவர் என்று பிறகு சொன்னார். என்னை மறுபடி கேட்கச் சொன்னார், மறுபடி கேட்டேன். அவர்கள் மொழியில் ஹோட்டல் என்றால் மாளிகையும் ஆகும், அடுத்த சொல்லுக்கு நகரம் என்று அர்த்தம், கல்யாணங்களை இங்கே சட்டப்படி பதிவு செய்வார்கள், சாப்பாடு போடுவதில்லை என்று நிதானமாக விளக்கினார்.

அக்காவிடம் திரும்பி வந்தேன். திங்கட்கிழமை அக்கா போய்விடுவார். என் வாயால் போகிறார்.

"அக்கா, இது ஹோட்டல் இல்ல. முனிசிபாலிட்டி."

அக்கா என்னைப் பார்த்தார். கூடத்தைப் பார்த்தார். கையிலிருந்த பையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்த ஊருக்கு வந்து முதல் சிரிப்பு. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

"சண்டாளி, முனிசிபாலிட்டியிலயா எனக்குச் சோறு கேட்ட?"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். சீருடைக்காரருக்கு மொழி புரியாவிட்டாலும் பசி புரிந்திருக்க வேண்டும். தங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர் நடத்தும் கடைக்கு வழி சொன்னார். வெகுதூரம் நடந்தோம். போர்டு எதையும் நான் உரக்கப் படிக்கவில்லை. பத்துப் பேர் உட்காரும் கடை. ஆவி பறக்கச் சோறும் சிவப்பாக மீன் குழம்பும் வந்தன. அக்கா பக்கத்தில் இருந்த கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் பிசைந்து உண்டார். கடைக்கார அம்மாள் இடுப்பில் கைவைத்தபடி அதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு தட்டுச் சோறு கொண்டுவந்து கொட்டினார்.

அன்று மாலை அக்கா பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பயிற்சியை முடித்தோம், அவர் லீடரும் ஆனார். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக எங்கள் வீட்டுக்கு வந்து என் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். இப்போதும் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண் யாராவது ஊர் நினைப்பில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால், "ஏட்டி, இவள முனிசிபாலிட்டிக்குக் கூட்டிட்டுப் போ" என்று என்னிடம்தான் அனுப்புகிறார்.

அப்பா இன்னும் மோசம். நான் சம்பளம் வாங்கிய வாரம் குடும்பத்தோடு வெளியே சாப்பிடக் கிளம்புவோம். அம்மா நல்ல புடவையில் இருப்பார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் அப்பா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு முனிசிபாலிட்டிக்கு என்பார். பக்கத்து வீட்டுக்காரர் பாவம், ஒவ்வொரு தடவையும் கவலைப்படுகிறார்.

"ஞாயித்துக்கெயமல ஆபீஸ் ஏதுபா? வூட்டு வரி இன்னா அவ்ளோ பாக்கியா கீது?"